நூறாவது விமானம்

(திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒற்றை இன்ஜின் கொண்ட சிறு விமானம். இரண்டு பேர் அருகருகே உட்காரலாம். மூக்கில் ஓர் இன்ஜின், அதன் முன்னே ஒரு புரொப்பெல்லர். ஆட்களும் எரிபொருளும் ஏறிய பிறகும் மொத்த எடை முக்கால் டன்தான். நம் சாலையில் ஓடும் பல கார்கள் இதைவிடக் கனமானவை. தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில் வந்து இறங்கும் பயணிகள் விமானத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது விளையாட்டுச் சாமான்போலத் தோன்றும். ஆனால் அந்தப் பெரிய விமானத்தை ஓட்டி வருகிறாரே விமானி, அவர் முதன்முதலில் பறக்கக் கற்றது இப்படிப்பட்ட ஒரு சிறு விமானத்தில்தான். இந்தியாவில் வணிக விமானி உரிமம் வேண்டுமானால் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 200 மணி நேரத்தில் பெரும்பகுதியை எந்த விமானத்தில் பறப்பது? அதை யார் செய்து தருவது? ராக்கெட்டை விண்ணுக்கு அனுப்புகிற நாடு, இரண்டு இருக்கை விமானத்தை ஏன் இன்னும் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது? இதுதான் இன்றைய கேள்வி.

விடையின் சுருக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதி நேரம் ஆதாரங்களுக்கு. சிறு விமானத்தை வடிவமைக்க நமக்குத் தெரியும். எழுபது ஆண்டுகளாகத் தெரியும். வடிவமைத்ததைப் பறக்கவிடவும் தெரியும். பறந்ததை நூறாகப் பெருக்கி, விற்று, பழுது பார்த்து, குறை தென்பட்டால் திருத்தி, அடுத்த வடிவத்துக்குக் கொண்டுபோகிற பொறுமைதான் நம்மிடம் வருவதும் போவதுமாக இருக்கிறது. இந்த அரங்குக்குப் பக்கத்திலேயே சுலோச்சன முதலியார் பாலம் நிற்கிறது. 1843இல் ஆட்சியர் அலுவலகச் சிரஸ்தாராக இருந்த ஒருவர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம். பாலம் ஒன்று கட்டினால் வேலை முடிந்தது. அடுத்த நாளே ஊர் நடந்து போகலாம். விமானம் ஒன்று செய்தால் வேலை தொடங்கவே இல்லை. ஆனாலும் நாம் என்ன செய்கிறோம்? முதல் விமானம் பறந்த அன்று மாலை போடுகிறோம், படம் எடுக்கிறோம், பெருமைப்படுகிறோம். நூறாவது விமானம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ஒரு விமானம் உருவாகிவிட்டது என்று சொல்லத் தகுந்த நாள், அதன் நூறாவது பிரதி கூடத்தை விட்டு வெளியே வரும் நாள்தான் என்பது என் வாதம்.

வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுவோம். 1910ஆம் ஆண்டு. ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு ஆண்டுகூட நிறையவில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர் தாமே ஒரு விமானத்துக்கு வடிவம் போட்டார். கட்டிக்கொடுத்தது சிம்ப்சன் கம்பெனி. வண்டி கட்டுவதில் கைதேர்ந்த பட்டறை அது. பல்லாவரத்தில் அந்த விமானம் மேலே எழும்பியது. இந்தியாவில் நடந்த முதல் பறப்பு அதுவே என்று சொல்வோரும் உண்டு. சரி, பிறகு? பிறகு ஒன்றுமில்லை. இரண்டாவது விமானம் என்ற பேச்சே எழவில்லை. கைவினையும் துணிச்சலும் சென்னையில் அன்றே இருந்தன. அவற்றைத் தொழிலாக மாற்றுகிற ஏற்பாடு இல்லை. ஒரு தனி மனிதரின் முயற்சியை இதற்குமேல் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் ஒரு நாடே திரும்பத் திரும்ப அதே இடத்தில் நின்றுபோனால்?

அப்படியே நின்றுபோனோமா என்றால், இல்லை. ஒரு காலத்தில் நாம் நூறைத் தாண்டியிருக்கிறோம். என் வாதத்துக்கு வலு சேர்ப்பதே அந்தக் காலம்தான். சுதந்திரம் கிடைத்து நான்கு ஆண்டுகளில், 1951 ஆகஸ்டில், பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில், அதாவது இன்றைய எச்ஏஎல்லில், டாக்டர் வி. எம். காட்கே தலைமையில் வடிவமைக்கப்பட்ட எச்டி-2 பயிற்சி விமானம் பறந்தது. நூற்றைம்பதுக்கும் மேல் செய்தார்கள். கானா நாட்டு விமானப்படைகூட வாங்கிக்கொண்டு போனது. 1958 செப்டம்பரில் புஷ்பக் வந்தது. துணி போர்த்திய இறக்கை, 90 குதிரைத்திறன் கொண்ட கான்டினென்டல் இன்ஜின், அருகருகே இரண்டு இருக்கை. பார்ப்பதற்கு எளியது. ஆனால் 160 புஷ்பக்குகள் வெளிவந்தன. நாடெங்கும் இருந்த பறப்புக் கழகங்களில் ஒரு தலைமுறை விமானிகள் அதில்தான் கைபழகினார்கள். அன்றைக்குப் பணம் அதிகமா? இல்லை. இயந்திரங்கள் நவீனமா? இல்லை. எச்டி-2க்கு விமானப்படை காத்திருந்தது. புஷ்பக்குக்கு அரசு உதவியோடு நடந்த பறப்புக் கழகங்கள் காத்திருந்தன. வாங்குகிறவர் வாசலில் நின்றார். செய்கிறவர் செய்துகொண்டே இருந்தார். அவ்வளவுதான் ரகசியம்.

அடுத்து வந்தவற்றைப் பாருங்கள். வயலுக்கு மருந்து தெளிப்பதற்கென்று பசந்த் என்ற விமானம் 1972இல் பறந்தது. 39 செய்தார்கள், நின்றது. சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையம் உருவாக்கிய ஸ்வாதி 1990இல் பறந்தது. விரல்விட்டு எண்ணும் அளவில் நின்றது. பிறகு ஹன்சா. இதைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம் கதையின் நாயகன் இதுதான்.

1959இல் டெல்லியில் தொடங்கப்பட்டுப் பிறகு பெங்களூருவுக்கு மாறிய தேசிய வான்வெளி ஆய்வகம், அதாவது என்ஏஎல், காற்றியக்கவியல் ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற இடம். பேராசிரியர் ரொத்தம் நரசிம்மா அதன் இயக்குநராக இருந்த காலத்தில் சிறு விமானம் செய்யும் முயற்சி அங்கே வேர்விட்டது. உலோகத் தகட்டை விட்டுவிட்டு, கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்து வார்த்த உடலைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைய இந்தியாவில் அது துணிச்சலான தேர்வு. 1993 நவம்பரில் முதல் ஹன்சா பறந்தது. அது குறைகள் உள்ள முன்மாதிரி. இறக்கை முதல் இன்ஜின் வரை மாற்றி மாற்றி, ஹன்சா-3 என்ற வடிவத்துக்கு வந்து, 2000ஆம் ஆண்டில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின், டிஜிசிஏவின், வகைச் சான்றிதழைப் பெற்றார்கள். அரசு சில விமானங்களை வாங்கிப் பறப்புக் கழகங்களுக்குக் கொடுத்தது. கான்பூர் ஐஐடியில் ஒன்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தியது. நம் மாநிலத்து ஓசூரில் இருக்கும் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனமும் தயாரிப்பில் கைகோத்தது. எல்லாம் கூடி வந்த மாதிரி இருந்தது. மொத்தம் எத்தனை ஹன்சா-3 செய்யப்பட்டன தெரியுமா? பதினான்கு.

பதினான்கு என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு ஆஸ்திரியாவுக்குப் போவோம். நெல்லை மாவட்டமும் தூத்துக்குடி மாவட்டமும் சேர்ந்தால் இருக்கும் மக்கள்தொகையைப்போல் மூன்று மடங்குகூட இல்லாத நாடு. அங்கே டயமண்ட் என்ற கம்பெனி டிஏ-40 என்ற ஒற்றை இன்ஜின் விமானத்தைச் செய்தது. அதுவும் இழைக் கலவை உடல். அதுவும் சான்றிதழ் பெற்றது அதே 2000ஆம் ஆண்டில். அது நான்கு இருக்கை, நம்முடையது இரண்டு. அந்த வித்தியாசம் உண்டு. இதுவரை டிஏ-40 இரண்டாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டிருக்கிறது. ஓட்டப்பந்தயம் ஒரே ஆண்டில்தான் தொடங்கியது. பெங்களூரு விஞ்ஞானிகளின் அறிவில் குறை இருந்தால் 2000இல் சான்றிதழே கிடைத்திருக்காது. ஆய்வகம் ஆய்வகத்தின் வேலையைச் செய்தது. அதற்கு அடுத்த வேலையைச் செய்ய ஒருவர் வேண்டும். அந்த நாற்காலி இருபது ஆண்டுகளுக்கு மேல் காலியாகக் கிடந்தது.

அந்த அடுத்த வேலை என்ன என்று மாணவர்கள் கேட்கலாம். சொல்கிறேன். ஒரு விமானத்தின் இறக்கை தன் வாழ்நாளில் சந்திக்கக்கூடிய மிகப் பெரிய பாரம் எதுவோ, அதைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்கும் என்று சோதித்துக் காட்ட வேண்டும். இழைக் கலவையானால் அதோடு முடியாது. வெயிலில் பிசின் இளகும், ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நாள் முழுக்க ஓடுதளத்தில் நிற்கும் இறக்கை எவ்வளவு சூடேறும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தச் சூட்டிலும் அந்த ஈரத்திலும் பலம் குறையவில்லை என்று காட்ட வேண்டும். இழைக் கலவை விமானங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளை வண்ணம் பூசுவது அழகுக்காக இல்லை, சூட்டைக் குறைக்க. வேகம் குறைந்து தூக்குவிசை போகும்போது விமானம் எப்படி நடந்துகொள்கிறது, சுழன்று விழ நேர்ந்தால் மீள்கிறதா, இன்ஜின் வானத்தில் நின்றால் மறுபடி கிளம்புகிறதா என்று ஒவ்வொன்றையும் பறந்து பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். ஹன்சாவின் புதிய வடிவமான ஹன்சா-என்ஜி 2021 செப்டம்பர் 3ஆம் நாள் பெங்களூருவில் முதன்முதலாகப் பறந்தது. சுமார் இருபது நிமிடம். செய்தித்தாள்களில் வந்தது அந்த இருபது நிமிடம்தான். ஆனால் 2022 பிப்ரவரியில் அதே விமானம் புதுச்சேரிக்குப் பறந்து வந்ததை எத்தனை பேர் கவனித்தோம்? பெங்களூரு கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது. கடல் மட்டத்தின் அடர்ந்த காற்றில் இன்ஜினும் புரொப்பெல்லரும் இறக்கையும் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கடற்கரையில்தான் சோதிக்க முடியும். அதற்காக 140 கடல் மைலை ஒன்றரை மணி நேரத்தில் கடந்து வந்து, மார்ச் முதல் வாரம் வரை இருந்து சோதனைகளை முடித்துக்கொண்டு திரும்பியது. மாலை இல்லை, மேளம் இல்லை. விமானம் உருவாவது இப்படிப்பட்ட நாட்களில்தான்.

சான்றிதழ் வந்த பிறகாவது முடிந்ததா? இல்லை. வடிவத்துக்குக் கொடுத்த சான்றிதழ் வேறு, அதே வடிவத்தைத் தவறாமல் திரும்பத் திரும்பச் செய்யும் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் ஒப்புதல் வேறு. முதல் இறக்கையை வார்த்த அதே திறமை ஐம்பதாவது இறக்கையிலும் இருக்க வேண்டும். பிசின் தரும் கம்பெனி மாறினால் சோதனை மாறும். காக்பிட்டில் பொருத்திய மானிகள் பழையதாகிச் சந்தையில் கிடைக்காமல் போகும். ஹன்சா-3இல் இருந்த முள் காட்டும் மானிகள் போய் ஹன்சா-என்ஜியில் கண்ணாடித் திரைகள் வந்திருக்கின்றன. இந்த மாற்றம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சிறுசிறு அடிகளாக நடந்திருக்க வேண்டியது; இருபத்தோரு ஆண்டு இடைவெளி விட்டு ஒரே தாவலாக நடந்தது. இடையில் அந்த முதல் தலைமுறைக் கைகள் எத்தனை ஓய்வு பெற்றன! வரைபடத்தைக் கோப்பில் பூட்டி வைக்கலாம். கைத்திறனைப் பூட்டி வைக்க முடியாது.

இப்போது ஆட்சேபங்களுக்கு வருவோம். முதல் ஆட்சேபம், அரசு ஏன் இதில் தலையிட வேண்டும், நல்ல விமானம் என்றால் சந்தை தானே வாங்காதா என்பது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. தடையற்ற சந்தைக்குத் தாய்வீடு என்று சொல்லப்படும் அமெரிக்காவையே சாட்சிக்கு அழைப்போம். உலகிலேயே அதிகமாகச் செய்யப்பட்ட விமானம் செஸ்னா-172. 1955இல் பறந்தது, இதுவரை 44,000க்கு மேல். 1978இல் அமெரிக்கக் கம்பெனிகள் 17,811 சிறு விமானங்களை விற்றன. 1994இல் விற்றது 928. என்ன ஆயிற்று? விமானம் கெட்டுப்போகவில்லை. முப்பது ஆண்டு பழைய விமானம் எங்கே விழுந்தாலும் செய்த கம்பெனி மேல் வழக்குப் போடலாம் என்ற நிலைமை இருந்தது. காப்பீட்டுச் செலவு கம்பெனிகளை நசுக்கியது. 1986இல் செஸ்னா சிறு விமானத் தயாரிப்பையே மூடியது. 1994இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பதினெட்டு ஆண்டுக்கு மேல் பழைய சிறு விமானத்துக்குத் தயாரிப்பாளர் மேல் வழக்கில்லை என்றது. உடனே செஸ்னா புதிய தொழிற்சாலை கட்டி மறுபடி தொடங்கியது. சந்தை தானாக நடந்ததா? சட்டம் நிறுத்தியது, சட்டம் நடத்தியது. பிரேசிலைப் பாருங்கள். நம் பசந்த் 1972இல் பறந்தது என்றேன். பிரேசிலின் இபனேமா, அதுவும் வயலுக்கு மருந்தடிக்கும் ஒற்றை இன்ஜின் விமானம், 1970இல் பறந்தது. பிரேசில் வேளாண் அமைச்சகம் கேட்டுச் செய்யச் சொன்னது. எம்ப்ரேயர் அதை விடாமல் செய்தது, திருத்தியது, இன்றும் செய்கிறது. ஆயிரத்தைத் தாண்டி வெகுநாளாயிற்று. 2004இல் தங்கள் கரும்பிலிருந்து வடித்த எத்தனாலில் ஓடும் வடிவத்துக்குச் சான்றிதழ் வாங்கினார்கள். நாம் 39இல் நின்றோம். அந்த எம்ப்ரேயர் இன்று நூறு பேர் ஏறும் ஜெட் விமானங்களை உலகுக்கு விற்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. உள்நாட்டு விமானத்தை நம்பி உயிரைக் கொடுப்பதா? தீபக் என்ன ஆயிற்று? இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். எச்பிடி-32 தீபக் 1977இல் பறந்தது. விமானப்படை வாங்கியது, நூறையும் தாண்டியது. ஆனால் வானத்தில் இன்ஜின் நின்றுபோகும் தொல்லை அதை விட்டு நீங்கவே இல்லை. உயிர்கள் போயின. 2009 ஜூலையில் இரண்டு விமானிகள் மாண்ட விபத்துக்குப் பிறகு அத்தனை தீபக்குகளும் தரையிறக்கப்பட்டன. 2012இல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸிடம் 75 பயிற்சி விமானங்களுக்கு ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. என்னுடைய நூறாவது விமானக் கணக்குப்படி பார்த்தால் தீபக் வெற்றி ஆகாதா? ஆகாது. எண்ணிக்கை மட்டும் கணக்கில்லை. பறக்கிறவர் சொல்லும் குறை வடிவமைப்பாளர் மேசைக்குப் போய், திருத்தமாகத் திரும்பி வர வேண்டும். அந்த வழி அடைபட்டால் நூறும் வீண், ஆயிரமும் வீண். தீபக்கின் பாடம் உள்நாட்டில் செய்யாதே என்பதா? அப்படியானால் பாடத்தைத் தலைகீழாகப் படிக்கிறோம். செய்துவிட்டுக் கைகழுவாதே என்பதுதான் அது. அந்தக் காயத்துக்குப் பின் எச்ஏஎல் தன் கைப்பணத்தில் எச்டிடி-40 என்ற பயிற்சி விமானத்தைத் தொடங்கியது. விமானப்படை வேண்டாம் என்றது. 2016 மே மாதம் பறந்தது. சுழற்சிச் சோதனையில் வந்த சிக்கலைத் தீர்க்க வருடக்கணக்கில் உழைத்தார்கள். 2023 மார்ச்சில் 70 விமானங்களுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இது ஹன்சாவைவிடப் பல மடங்கு கனமான விமானம். ஆனாலும் ஒற்றை இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்; விடாப்பிடிக்குப் பலன் உண்டு என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

மூன்றாவது ஆட்சேபத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்ஜினே வெளிநாட்டுச் சரக்கு, இதில் என்ன சுதேசி என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மை. ஹன்சாவின் இன்ஜின் ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ். புஷ்பக்கின் இன்ஜின் அமெரிக்காவுடையது. எச்டிடி-40க்கும் அமெரிக்க இன்ஜின்தான். இது சாதாரண விஷயம் இல்லை. 2020இல் நாகோர்னோ-கராபாக் போரில் துருக்கி டிரோன்களில் தன் இன்ஜின் இருப்பது தெரிந்தவுடன் ரோடாக்ஸின் தாய்க் கம்பெனி, பயன்பாடு தெளிவாகத் தெரியாத நாடுகளுக்கு விமான இன்ஜின் அனுப்புவதை நிறுத்தியது. ஒரு கம்பெனியின் ஒரு அறிவிப்பு. எத்தனையோ நாட்டு விமானக் கூடங்களில் கலக்கம். ஆகவே இன்ஜினில் தன்னிறைவு வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் நெல்லைக்காரர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். நம் மாவட்டத்திலேயே இஸ்ரோவின் மகேந்திரகிரி சோதனை மையம் இருக்கிறது. விகாஸ் இன்ஜினும் கிரையோஜெனிக் இன்ஜினும் அங்கேதான் அனல் கக்கிச் சோதனை முடிக்கின்றன. ரஷ்யா கிரையோஜெனிக் தொழில்நுட்பத்தைத் தர மறுத்தபோது இருபது ஆண்டு போராடி 2014 ஜனவரியில் சொந்த இன்ஜினில் வெற்றி கண்டவர்கள் நாம். நூறு குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின் ஒரு பொருட்டா?

பொருட்டுதான். ராக்கெட் இன்ஜின் சில நிமிடம் எரிந்து கடமையை முடித்துவிடுகிறது. செலவு எவ்வளவானாலும் நாடு தாங்கும். சிறு விமானத்தின் இன்ஜின் முழுப் பராமரிப்புக்குப் பிரிக்கும் முன் 2,000 மணி நேரம் ஓட வேண்டும். பயிற்சி மாணவர் முரட்டுத்தனமாகத் திருகினாலும் நிற்கக் கூடாது. எடை குறைவாக இருக்க வேண்டும். பறப்புப் பள்ளிக்குக் கட்டுப்படியாகும் விலையில் இருக்க வேண்டும். மகேந்திரகிரியின் மேதைமை வேறு வகை; இங்கே வேண்டியது மலிவும் நீடிப்பும் சேர்ந்த வேறு வகைக் கைவேலை. அந்தக் கைவேலை தமிழ்நாட்டில் இல்லையா? மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் பெற்ற கோவையில் உள்ள ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையோடு சேர்ந்து ஆளில்லா விமானத்துக்கு 180 குதிரைத்திறன் இன்ஜினில் வேலை செய்திருக்கிறது. ஆக, கை இருக்கிறது. ஆனால் எந்த முதலாளி பதினான்கு விமானத்துக்காக ஒரு இன்ஜினைச் செய்து சான்றிதழ் வாங்குவார்? விமானம் நூறு, ஐந்நூறு என்று போனால்தான் இன்ஜினுக்குக் கணக்கு ஒத்துவரும். பிரேசில் இபனேமாவும் அமெரிக்க இன்ஜினில்தான் தொடங்கியது. இன்ஜின் வந்தால்தான் விமானம் என்று உட்கார்ந்தால் இரண்டும் வராது. எரிபொருளில் இது நடந்து முடிந்த கதை. இத்தகைய இன்ஜின்களுக்கான ஏவ்கேஸ் பெட்ரோலை நாம் முழுக்க இறக்குமதி செய்துகொண்டிருந்தோம். 2022இல் இந்தியன் ஆயில் உள்நாட்டிலேயே தயாரித்தது. அடுத்த ஆண்டே ஏற்றுமதியும் செய்தது.

மின்சார விமானம் வரப்போகிறது, பெட்ரோல் விமானத்தில் ஏன் பணத்தைக் கொட்டுவது என்போருக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் செய்த வெலிஸ் எலெக்ட்ரோ 2020இல் ஐரோப்பியச் சான்றிதழ் பெற்ற முதல் மின்சார விமானம். ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பறக்கும். பள்ளி மைதானத்தைச் சுற்றி வரப் போதும். ஊர் விட்டு ஊர் போகும் பயிற்சிக்குப் போதாது. என்ஏஎல் தானும் மின்சார ஹன்சா செய்யும் திட்டத்தை அறிவித்திருக்கிறது. அதற்கும் உடல் இதே ஹன்சா உடல்தான். இன்றைய விமானத்தை நூறாகச் செய்யத் தெரிந்த கூடம்தான் நாளைய மோட்டாரையும் பொருத்தும்.

நம் நெல்லைச் சீமைக்கு இந்த வாதம் புதியதில்லை. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். கப்பல்கள் அயல்நாட்டில் வாங்கியவை, கம்பெனி நம்முடையது. போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, குடையை இலவசமாகக் கொடுத்தது. அரசாங்கம் தலைவரைச் சிறைக்கு அனுப்பியது. கப்பல் ஓட்டும் திறமை குறைந்து அந்தக் கம்பெனி வீழவில்லை. அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய கை அந்நியக் கையாக இருந்ததால் வீழ்ந்தது. இன்று அரசு நம்முடையது. வாங்க வேண்டியவர்களும் நம்மவர்கள். 2023இல் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 என்று பெரிய விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. ஒவ்வொரு விமானத்துக்கும் பல ஜோடி விமானிகள் வேண்டும். ஏர் இந்தியா மகாராஷ்டிரத்தின் அமராவதியில் தொடங்கும் பயிற்சிப் பள்ளிக்கு 34 பயிற்சி விமானங்கள் வாங்க முடிவு செய்தது. ஒற்றை இன்ஜின் விமானம் 31, அமெரிக்காவின் பைப்பரிடம். இரட்டை இன்ஜின் 3, ஆஸ்திரியாவின் டயமண்டிடம். அந்தக் கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. நாளைக்கே கையில் தர ஹன்சா எங்கே இருந்தது?

இப்போது மறுபடி ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2025இல் ஹன்சா-என்ஜியைத் தயாரிக்கும் உரிமம் பயனியர் கிளீன் ஆம்ப்ஸ் என்ற தனியார் நிறுவனத்துக்குத் தரப்பட்டது. காலியாகக் கிடந்த நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுந்து போகாமல் இருக்க என்ன வேண்டும்? பாராட்டு விழா வேண்டாம். அடுத்த பத்து ஆண்டுக்கு ஆண்டுதோறும் இத்தனை விமானம் வாங்குவோம் என்ற எழுத்துப்பூர்வமான உறுதி வேண்டும். உதிரிபாகம் ஒரு வாரத்தில் கிடைக்கும் என்ற உறுதியைப் பறப்புப் பள்ளிகளுக்கு அவர் தர வேண்டும். குறை சொன்னால் கேட்கிற காது இரண்டு பக்கமும் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. விமானப் பொறியியல் படிக்கிறவர்கள் எல்லாரும் இறக்கை வரையவே ஆசைப்படுகிறீர்கள். சான்றிதழ்ப் பொறியாளர், தரப் பரிசோதகர், பராமரிப்புப் பொறியாளர் என்று இந்தத் துறையில் ஆள் தேவைப்படும் நாற்காலிகள் பல. அவற்றையும் கேட்டு வாங்குங்கள். பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோவில்பட்டி பக்கத்தில் இருக்கும் பழைய ஓடுதளத்தில் விமானப் பயிற்சிப் பள்ளி அமைக்கத் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ முயற்சி எடுத்திருக்கிறது. இங்கிருந்து பேருந்தில் போய்விடும் தூரம். அந்தப் பள்ளியின் ஒப்பந்தத்தில், வாங்கும் பயிற்சி விமானங்களில் ஒரு பங்காவது ஹன்சாவாக இருக்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி நம் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் நீங்கள் கேட்க வேண்டும். இந்தக் கூட்டம் கலையும் முன் அதற்கான மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.